மேட்சுக்கு முன்னாடி வைத்த ஐஸ்

கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் ஓர் அணிக்குப் பெரிய ஆபத்து கிடையாது. நாலு வீடியோ பார்த்தவனால்தான் ஆபத்து. நான் நாற்பது பார்த்திருந்தேன்.

எல்லாம் எங்கள் தங்கச் சுரங்க ஊரிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும்போது பார்த்தவை. ஆட்டத்துக்கு முன் தசையை இழுத்து நீட்டிப் பிடி என்பார் ஒருவர். அப்படிப் பிடித்துக்கொண்டே நின்றால் கால் சோர்ந்துவிடும், ஓடித்தான் உடம்பைச் சூடாக்க வேண்டும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஐஸ் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். அவர் ஆடி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரா, இனிமேல்தான் ஆடப் போகிறாரா என்பது மட்டும் எனக்குப் புரியவேயில்லை. (ஆங்கிலத்தில் பேசினார். நான் தலையை ஆட்டியதோடு சரி.)

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கவிதாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் அவள் தாய்மாமன் சரி என்றால்தான் கல்யாணம். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த அவரை, எங்கள் மைசூர் மைன்ஸ் அணியின் கேப்டன் செல்வம், பக்கத்துச் சுரங்கத்து நந்திதுர்க் அணியோடு நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தலைமை விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டான். எனக்கு உதவி செய்கிறானாம்.

முதல்நாள் நான் ரயிலில் வரும்போது போன் செய்தான். சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"டேய், நாளைக்கு மேட்சுக்கு முன்னாடி... நல்லா ஐஸ் வெச்சுடுடா. மறந்துடாத, ஒன் வாழ்க்கையே அதுலதான் கீது."

ஆக, ஆட்டத்துக்கு முன்புதான்! எனக்கிருந்த ஒரே சந்தேகமும் தீர்ந்தது.

காலையில் மீன் கடையில் ஐஸ் வாங்கி, மைதானத்து ஓரத்தில் பெரிய நீல டிரம்களை நிரப்பினேன். மாமாவை அழைத்துவரச் செல்வம் போயிருந்தான். கேப்டன் உத்தரவு என்றதும் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும் மேலே ஏறி வரவில்லை.

"எந்த லெவல் வரிக்கும் எறங்கணும்?" என்று சுரங்கத்துக்குள் இறங்குகிறவன்போலக் கேட்டான் கோல்கீப்பர் மணி.

"இடுப்பு லெவல்" என்றேன், பெரிய விஞ்ஞானிபோல. எந்த வீடியோவுக்கும் மனக்குறை இருக்கக் கூடாது என்று, டிரம்மிலிருந்து வந்தவர்களைக் கால் நீட்டி உட்காரவைத்து, கட்டைவிரலைப் பிடித்தபடி குனிந்தே இருக்கச் சொன்னேன்.

விசில் ஊதினார்கள். எங்களில் யாரும் ஓடவில்லை, ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். என் கால் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. கடைசி நேரத்தில் வந்து இறங்கிய செல்வம் மட்டும், பந்தை யாருக்குக் கொடுப்பது என்று புரியாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். பந்து என்னிடம் வந்தது. வெளியே அடித்துவிட்டதாகத்தான் நம்பினேன். அது எங்கள் கோலுக்குள் போனது. தடுக்கக் குதிக்கப் போன மணி, குதிக்காமலே சாய்ந்தான்.

இடைவேளையில் செல்வம் பாய்ந்து வந்தான்.

"இன்னாடா ஆச்சு எல்லாருக்கும்?"

"நீ சொன்ன மாதிரி ஐஸ் வெச்சேன்டா."

"இவனுங்களுக்கு எதுக்குடா வெச்ச? மாமாவுக்கு வெக்கச் சொன்னேன்டா!"

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். குழப்பம்தான் கூடியது. மாமா ஆடவே இல்லையே? ஆனால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறியதைப் பார்த்திருந்தேன். ஓஹோ, அதற்குத்தான் போலிருக்கிறது. துண்டில் ஐஸை அள்ளி முடிந்தேன். விறைத்த காலை இழுத்துக்கொண்டு போய், தலைமை விருந்தினரின் வெள்ளை வேட்டியோடு சேர்த்து முழங்காலில் வைத்து அழுத்தினேன்.

மாமா போட்ட அலறலை இரண்டாம் பாதிக்கான விசில் என்று நினைத்து நந்திதுர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"இன்னா தம்பி இது?"

"ஐஸ் மாமா. ஒங்களுக்கு வெச்சாதான் கல்யாணம் நடக்கும்னு செல்வம் சொன்னான்."

செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் போச்சு. மாமா மீன் நாற்றம் வீசும் வேட்டியோடு கிளம்பிப் போனார். ஆட்டத்தில் தோற்றது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அன்று வீட்டில் அவர் சொன்னதைக் கவிதாதான் பிறகு சொன்னாள்: "பந்தாட்டம் வரல. புத்தியும் அவ்ளோதான். ஆனா, ஐஸ் வெக்கத் தெரியாத பையன் பொய் பேச மாட்டான். குடுத்துடலாம்."

கல்யாணமாகி இன்றுவரை அவள் சமையலையோ சேலையையோ நான் நிம்மதியாகப் பாராட்டியதில்லை. வாயைத் திறந்தாலே போதும், கவிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, "வெய்யுங்க" என்கிறாள்.