தொண்ணூறு சதவீத மழையில் நடந்த நிக்காஹ்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்பு மகள் ஷாஹிஸ்தாவுக்கு அத்தாவின் ஸலாம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் மிளகாய் மண்டி லெட்டர்பேடில் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. போன மாதம் தாம்பரத்துக்கு உன்னைப் பார்க்க வந்தபோது என் போனில் வானிலை பார்க்க வழிசெய்து கொடுத்தாயே, அது இல்லாவிட்டால் உன் தங்கச்சி தஸ்னீமின் நிக்காஹ் சந்தி சிரித்திருக்கும். அன்றிலிருந்து விடிகாலையில் பஜ்ர் தொழுததும் அதைத்தான் திறக்கிறேன். தினமும் மழை என்றது. தினமும் வாசலில் காயும் மிளகாயைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஒரு சொட்டு அதன்மேல் விழவில்லை என்றால் பார்த்துக்கொள். பக்கத்துக் கடை செங்கோடன் மூடவே இல்லை, அவர் மிளகாயும் நனையவில்லை. நம் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தார்.

நிக்காஹ் அன்று காலை பார்த்தால் தொண்ணூறு சதவீதம் மழை, இடி வேறு. பிரியாணிக்கு அடுப்பு மூட்டியிருந்ததோ திறந்தவெளியில். எனக்குக் கை கால் ஓடவில்லை. திருச்செங்கோட்டுச் சம்பந்தியைத்தான் உனக்குத் தெரியுமே. பெண் பார்க்க வந்த அன்று டீ ஆறிப்போனதற்கே இரண்டு வாரம் என்னோடு பேசாத மனுஷன். பிரியாணியில் மழைத்தண்ணீர் விழுந்தால் மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே ஆறு அடுப்பையும் வீட்டை ஒட்டியிருக்கும் நம் மண்டிக்குள் மாற்றச் சொன்னேன்.

"மழை எங்கீங்க பாய்? வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார் பிரியாணி சமைக்க வந்த பண்டாரி.

"போன்ல பெய்துங்க" என்றேன்.

மூட்டைகளுக்கு நடுவே அடுப்பு எரிந்தது. தரையில் சிந்திக் கிடந்த மிளகாயும் விறகோடு சேர்ந்து எரிந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கண்ணைத் திறக்க முடிந்தால்தானே. புகை நேராகக் கல்யாண வீட்டுக்குள் வந்தது. ஹஜ்ரத் இருமிக்கொண்டே துஆவை முடித்தார். தஸ்னீமை வழியனுப்பும்போது ஐந்நூறு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதோம். உன் அம்மா மூக்கைச் சிந்தியபடி என்னைத் திட்டியதுகூடப் பார்த்தவர்களுக்குப் பிரிவாற்றாமையாகத்தான் தெரிந்தது. கண் சிவந்து நின்ற சம்பந்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை பாசக்கார ஜனங்க ஊட்ல பொண்ணெடுக்க நான் குடுத்து வெச்சிருக்கோணுங்க சம்பந்தி."

பிறகு மூன்று முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். டீ ஆறிப்போனதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மழை கடைசிவரை வரவில்லை. நாம் முன்னேற்பாடாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கும். எல்லாம் உன்னால்தான். ஒரே குறை, நீ இல்லை. டாக்டர் பயணம் கூடாது என்றபிறகு என்ன செய்வது? ஆனாலும் அழுத ஐந்நூறு பேரில் எனக்கு மட்டும் புகை தேவைப்படவில்லை.

சுகப்பிரசவமாகி, பிள்ளையும் கையுமாக நீ நம் வாசல்படி ஏற அல்லாஹ் அருள் செய்யட்டும்.

உன் அத்தா,
பஷீர் அகமது

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில், மறுவீட்டுக்கு வந்திருக்கும் தஸ்னீம் என் போனை வாங்கிப் பார்த்தாள். "அத்தா, இதுல ஊர் தாம்பரம்னு இருக்கு. ஒரு மாசமா அக்கா ஊர் மழையத்தான் பாத்துட்டு இருந்திருக்கீங்க" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சேலத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன். சேலத்து மழையை நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்வேன். வரும் வெள்ளிக்கிழமை உன் ஊருக்கு எண்பது சதவீதம் போட்டிருக்கிறது. மொட்டை மாடிப் படி வழுக்கும். துணியை மாப்பிள்ளை எடுக்கட்டும்.