வேனில் போன புள்ளி

பை மறுபடியும் இடப்பக்கம் சரிந்தது. டிகிரி பைக்கை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பையை ஒரு குத்து குத்தினாள். பை கேட்குமா?

வீட்டிலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் சொந்தபந்தம் முழுக்க அவளுக்கு ‘டிகிரி’ என்றே பேர். பாதி பெருமை, பாதி குத்தல்.

தனியாக ஒரு மாதம் பைக்கில் சுற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு மாப்பிள்ளை வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பார்த்தும் வைத்துவிட்டார். ஏதோ ஊரில் ஏதோ கடைக்காரன். என்ன கடை, எந்த ஊர் என்றுகூட அவள் காதில் வாங்கவில்லை. நேற்று சண்டை முற்றியபோது, “கையெழுத்துப் போடத் தெரியாத உங்களுக்கு என் வாழ்க்கையைப் பத்தி என்னப்பா தெரியும்?” என்று கேட்டுவிட்டாள்.

அப்பா மூட்டை தூக்கித் தூக்கி இறங்கிப்போன தோளைத் தடவிக்கொண்டார். அப்புறம், “சரி. நாளைக்கு இருட்டறதுக்குள்ள மலையடிவாரத்துக்குத் தனியாப் போய்ச் சேரு. அவங்களை வேண்டாம்னு நானே சொல்லிடறேன். சேரலைன்னா நான் சொல்றவனைக் கட்டிக்கோ” என்றார்.

சாட்சிக்கு ஃபோன். அவள் போகிற இடம் அப்பாவின் ஃபோனில் நீலப் புள்ளியாகத் தெரியும். ஆண்பிள்ளை கிளம்பினால் கையசைத்து அனுப்புவார்கள். பெண் கிளம்பினால் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள்.

சரிந்த பையை ரப்பர் கயிற்றால் இறுக்கினாள். கயிற்றின் வால் செயினுக்குள் போனது. பிடித்து இழுத்தாள், செயின் கழன்றது. வீடியோ பார்த்துக் கற்றவள் அல்லவா, தானே தட்டி மாட்டினாள், செயின் அறுந்தது. பை மட்டும் இப்போது அசையாமல் இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரமாகும்ணா?”

“புதுச் செயின் டவுன்லேர்ந்து வரணும். சாப்பிட்டுட்டுப் போய் வாங்கிட்டு வரேன்.”

“அதான் சாப்பிட்டுட்டீங்களே?”

“எங்கே? இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்.”

ஃபோன் அலறியது. அத்தை.

“ஏன்டி டிகிரி, உன் புள்ளி ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே? உங்கப்பன் ஃபோனை விட்டுக் கண்ணெடுக்கல.”

“இங்க சிக்னல் இல்லத்தை.”

“சிக்னல் இல்லாமத்தான் என்கூடப் பேசறியா?”

டிகிரி ஃபோனை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் பெட்டிகளோடு ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்த அக்கா இறங்கி, சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே கதையைக் கேட்டாள்.

“நான் அடிவாரம்தான் போறேன். பைக்கை ஏத்து, நீயும் ஏறு.”

“வேண்டாம்க்கா. நான் தனியாத்தான் போவேன்.”

“இப்பவும் தனியாத்தானே உட்கார்ந்திருக்கே?”

டிகிரிக்குச் சுருக்கென்றது. படித்த மூளை வேலை செய்ய வேண்டாத நேரத்தில் வேலை செய்தது.

“அக்கா, ஃபோனை மட்டும் ஏத்திக்கிறீங்களா?”

“அது என்ன, மூச்சு முட்டுற பாரமா? கொடு. வழியில ஒரு கடையில சரக்கு இறக்கிட்டு, அடிவாரத்துப் பெட்ரோல் பங்க்ல காத்திருக்கேன்.”

“அடிச்சா எடுத்துடாதீங்க.”

“நான் ஏன் எடுக்கப் போறேன்?”

வேன் போனது. புள்ளியும் போனது. ஆளைத் தூக்கிப்போனால் ஏமாற்று, ஃபோனைத் தூக்கிப்போனால் தந்திரம் என்று டிகிரி தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஃபோன் இல்லாத கை சும்மா இருந்தது. மனசு சும்மா இருக்கவில்லை. அந்தப் புள்ளியைப் பார்க்க அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். “இது நீயா? இது நீயா?” என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார் மனிதர். இந்நேரம் வேனில் போகிற ஃப்ரிட்ஜைப் பார்த்து, ‘என் பொண்ணு எப்படிப் போறா பாரு’ என்று அத்தையிடம் பீற்றிக்கொண்டிருப்பார். கையெழுத்து என்று ஏன் வாயை விட்டோம்? அந்தக் கை மூட்டை தூக்காமல் இருந்திருந்தால் இந்த வாய் இத்தனை பேசியிருக்குமா?

போய்ச் சேர்ந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். புள்ளி விஷயத்தை மட்டும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

செயின் வந்து, மாட்டி, கிளம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆசை ஆசையாகப் பார்க்க நினைத்த ஆறு, பாலம், வளைவுகள் எல்லாம் பக்கவாட்டில் பறந்து போயின. முதல் நாள் முழுவதும் அவள் கண் நிறையப் பார்த்தது மெக்கானிக்கின் சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்றைத்தான். பங்க்கை எட்டியபோது நன்றாகவே இருட்டியிருந்தது.

வேன்காரக்கா பம்பரில் சாய்ந்து நின்று முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“வாம்மா, கள்ளி! இந்தா ஃபோன்.”

“எடுக்கலையேக்கா?”

“நான் தொடவே இல்லையே! ஃப்ரிட்ஜ் இறக்கறப்ப விடாம அடிக்குதுன்னு அந்தக் கடைக்காரத் தம்பிதான் எடுத்தாரு; உங்கப்பா அவரு குரலைக் கேட்டுட்டு, ‘என் பொண்ணு தனியாத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நின்னது மாப்பிள்ளை உங்களைப் பார்க்கத்தானா?’ன்னு ஓன்னு அழுது, ரெண்டு வீட்டுலயும் கல்யாணத்தைப் பேசி முடிச்சுட்டாங்களாம்!”