மருத்துவர் சொன்ன வினைச்சொற்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தானின் ஆசிகள். இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கப் பேனாவை எடுத்தேன். 'அனைவரும்' என்ற சொல் பொருந்துமா என்று தயங்கி அந்த வரியை விட்டுவிட்டேன். உன் வீட்டு நலம் அறிய விரும்புகிறேன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் அக்காவின் மருத்துவருக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி வராது. அதிலும் எளிய வினைச்சொற்கள் அவருக்குப் பிடிக்காது. பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, இனி 'பாலியேட்' செய்யலாம் என்றார். ஆங்கிலம்-தமிழ் அகராதி அச்சகத்தில் காலமெல்லாம் புரூப் திருத்தியவன் நான். நோயைத் தீர்க்காமல் வலியை மட்டும் தணிப்பது என்ற பொருள், அச்சில் இருந்த இடத்தோடு கண்முன் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த உன் அக்கா, "என்னங்க சொல்றாரு?" என்றாள். "உடம்பைத் தேத்திடலாம்னு சொல்றாரு" என்றேன். இது பொய்யா, பிழையான மொழிபெயர்ப்பா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அதோடு நின்றதா? அடுத்த முறை, எடை 'டுவிண்டில்' ஆகிறது என்றார், அதாவது சிறிது சிறிதாகத் தேய்கிறது, நான் பதற்றத்தில் "நல்லா சாப்பிடச் சொல்றாரு" என்று உளறிவிட, உன் அக்கா வீட்டுக்கு வந்ததும் இரண்டு பங்கு சாப்பிட்டு மாலை வரை வாந்தி எடுத்தாள், நான் வாளியோடு நின்றேன். அதற்கடுத்து 'லிங்கர்' என்றார். பிணியாளரைப் பற்றிச் சொன்னால், உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பது. சில வாரங்கள் அப்படி இருக்கலாமாம். "கொஞ்சம் நடக்கச் சொல்றாரு" என்றேன். உடனே எழுந்து, மருத்துவமனை நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு போக வர ஆரம்பித்துவிட்டாள். நர்ஸ் ஓடி வந்து, "தாத்தா, பாட்டியை ஓட்டப்பந்தயத்துக்கா தயார் பண்றீங்க?" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் அக்காவும் சிரித்தாள். நான் கைக்குட்டையைத் தேடினேன்.

நீ திடீரென்று வந்து நின்றால் அவள் சந்தேகப்படுவாள். ஆகவே அடுத்த மாதம், அலுவலக வேலையாக வந்தவன்போல வா. அந்நாளில் நான் புரூபை ஒப்பிட்டுத் திருத்த, மூலப் பிரதியைச் சத்தமாக வாசித்தவள் அவள்தானே, அர்த்தம் தெரியாதா என்று கேட்பாய். அப்படி வாசிக்கும்போது எழுத்துதான் தெரியும், பொருள் மண்டையில் ஏறாது. கடிதத்தைப் பற்றியும் கவலைப்படாதே. என் கை நடுக்கத்தால் உறையை ஒட்டுவது எப்போதும் அவள்தான், ஆனால் உள்ளே படிக்கமாட்டாள். இதை மட்டும் நானே ஒட்டினால்தான் சந்தேகம் வரும்.

உன் வீட்டில் எல்லாரும் நோயின்றி நெடுநாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு தடவை படிச்சுடுவேன், இவருக்குத்தான் தெரியாது. அகராதி முழுக்க நான்தானே வாசிச்சேன், ஏறாமலா இருக்கும்? டாக்டர் முதல் தடவை வாயைத் திறந்தப்பவே புரிஞ்சுபோச்சு. இவரு முகத்தைப் பாத்தேன், பாவமா இருந்துச்சு, அதான் என்னன்னு கேட்டு வச்சேன். சாப்பிட்டதும் நடந்ததும் இவருக்காகத்தான். டாக்டர் சில வாரம்ங்கறாரு, இவரு உன்னை அடுத்த மாசம் வான்னு சொல்றாரு பாரு! இந்த வாரமே வந்துடு. வந்து அழுதுகிழுது வைக்காதே. எனக்கு ஒண்ணும் தெரியாது, ஞாபகம் இருக்கட்டும்.