ஒன்றரை அடிக்கு ஒரு கம்பளிச் சட்டை

யாரும் கேட்காமலே உதவி செய்கிற வியாதி எனக்கு உண்டு. அது முற்றிப்போய், ஒருமுறை மணப்பாறை வரை போய் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

என் மனைவி பத்மா குரோஷா ஊசியில் பின்னுவாள். பின்னியதை விற்பதில்லை. எப்படிப் பின்னுவது என்று கட்டம் போட்டு, எண் எழுதி, அந்த பேட்டர்னை இணையத்தில் விற்பாள். வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே பின்னிக்கொள்ள வேண்டும். மார்கழியில் வீட்டுப் பெருமாளுக்குக் குளிருமே என்று (எனக்குக் குளிருமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை) ஒரு கம்பளிச் சட்டை பின்னினாள். ஐந்து மாதம் உழைத்து அதற்கு பேட்டர்ன் எழுதி, "ஒன்றரை அடிப் பெருமாள் விக்ரகத்துக்குக் கம்பளி வஸ்திரம்" என்று தலைப்பிட்டு ஏற்றினாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் காலையில் போனைத் திறந்து பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போவாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

விற்பனைப் பக்கத்தை மேம்படுத்துவது எப்படி என்று வீடியோக்கள் பார்த்தேன். (ஆபீஸில்தான். என் அதிகாரி இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.) மக்கள் தேடுகிற சொல் தலைப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். மக்கள் எதைத் தேடுகிறார்கள்? குழந்தைச் சட்டை. பிறந்த குழந்தை எவ்வளவு நீளம் இருக்கும்? ஏறக்குறைய ஒன்றரை அடி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பத்மா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். தலைப்பை மாற்றினேன். பேட்டர்னில் யாருக்கான சட்டை என்று விளக்கியிருந்த முதல் பக்கத்தை, ரொம்ப நீளமாக இருக்கிறதென்று தூக்கிவிட்டேன். உள்ளே மிச்சமிருந்தது எண்ணும் கட்டமும்தான். சட்டையை வெள்ளைத் துணியில் விரித்துப் புதுப் படம் எடுத்தேன். பின்பக்கம் இரண்டு நீட்டல்கள் துருத்திக்கொண்டிருந்தன. படத்துக்கு இடைஞ்சல் என்று உள்ளே மடித்துவிட்டேன். பெருமாளுக்கு நான்கு கை என்பது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். அன்று மட்டும் தெரியவில்லை.

அந்த மாதமே மூன்று பேர் வாங்கினார்கள். பத்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் தன்னடக்கத்தோடு பேப்பர் படித்தேன்.

அப்புறம் ஒரு புதன்கிழமை மணப்பாறையிலிருந்து செல்வி என்ற பெண்ணின் குறுஞ்செய்தி வந்தது. பத்மா உரக்கப் படித்தாள்.

"அக்கா, நீங்க போட்டிருக்கிற மாதிரியே எண்ணி எண்ணித்தான் பின்னினேன். மூணு தடவை பிரிச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் நாலு கை வருது. வெள்ளிக்கிழமை புள்ளைய தொட்டில்ல போடுறோம். எட்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவன். நான் எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்கக்கா."

பத்மா நிமிர்ந்தாள். "ஏன்னா, நம்ம பக்கத்தை யார் தொட்டா?"

வீட்டில் இருந்தது நாங்கள் இருவரும் பெருமாளும். பெருமாள் மேல் பழி போட முடியாது.

வாங்கிய மற்ற இருவரும் நல்லவேளையாக இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. அவர்களுக்கு எழுதிவிட்டு, மறுநாள் காலை என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் மாறி மணப்பாறை போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊசிப் பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாத உழைப்பும் அவள் பேரும் என்னால் போயிற்றே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

செல்வியின் வீட்டில் உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் கம்பளிச் சட்டை நான்கு கைகளையும் விரித்துக் கிடந்தது. செல்வி தலை குனிந்து நின்றாள்.

"இவளுக்கு எதையுமே ஒழுங்காச் செய்யத் தெரியாதுங்க," என்றார் அவளுடைய மாமியார்.

நான் முன்னால் போனேன். "தப்பு இவங்க மேல இல்லைங்கம்மா. இது பெருமாளுக்கு எழுதின பேட்டர்ன். விக்கணுமேன்னு நான்தான் குழந்தைக்குன்னு மாத்திட்டேன். என் மனைவிக்கிட்டகூடச் சொல்லலை. மன்னிச்சுக்கங்க."

பூ கட்டிய கைகள் எல்லாம் நின்றுவிட்டன. செல்வி என்னைப் பார்க்கவில்லை, பத்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் பின்னியிருக்கேனாக்கா?"

பத்மா சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு கண்ணிகூடத் தப்பலை. நான் போட்டதைவிட நன்னா இருக்கு."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. மாமியார் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தார். பத்மா அங்கேயே உட்கார்ந்து பின் கைகள் இரண்டையும் பிரித்து, ஓட்டைகளை அடைத்து, மிஞ்சிய நூலில் ஒரு குல்லாயும் போட்டாள்.

மூன்று வருஷமாயிற்று. பழைய தலைப்பும் முதல் பக்கமும் திரும்ப வந்துவிட்டன. பேட்டர்ன் மெதுவாக விற்கிறது. செல்வி குடும்பம் பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். போன முறை செல்வி மகனிடம் என்னைக் காட்டி, "நான் சொல்லுவேன்ல, நாலு கை மாமா, இவங்கதான்" என்றாள்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பின்னால் போய், என் சட்டையைத் தூக்கி முதுகு முழுக்கத் தேடினான்.

"அம்மா, ரெண்டுதாம்மா இருக்கு," என்றான், ஏமாற்றத்தோடு.

அடுக்களையிலிருந்து பத்மாவின் குரல் வந்தது. "அந்த ரெண்டையே எங்களால தாங்க முடியலைடா கண்ணா."