தொட்டுப் பார்ப்பவர்

தொட்டுப் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு, உங்களுக்கும் தெரிந்தவர்தான். கண் சொன்னாலும் நம்பமாட்டார், காது சொன்னாலும் நம்பமாட்டார், ஆள்காட்டி விரல் போய்ச் சாட்சி சொன்னால்தான் அவருக்கு உலகமே உண்மை. "அயர்ன் பாக்ஸ் சூடா இருக்கு, தொடாதீங்க" என்று மனைவி சொல்லி வாயை மூடுவதற்குள் 'ஸ்ஸ்...' என்று சத்தம் வரும்.

"சொன்னேனே!"

"நீ சொன்னே. நான் பாக்க வேண்டாமா?"

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் சிப் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்தால்? எங்களுக்கு வந்திருக்கிறார். அவருக்குக் கீழே ஒரு பெண். நாங்கள் வைத்த பெயர் டார்ச், ஏனென்றால் வேலை முழுக்க வெளிச்சத்தோடுதான். சிப்பின் மேலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம் செய்து, அதற்குள் ஒளியைச் சுற்றவிட்டு, சூடு ஏற ஏற அந்த ஒளியின் நிறம் இம்மியளவு நகர்வதைப் பிடித்து, எந்த மூலை எவ்வளவு கொதிக்கிறது என்று திரையில் காட்டிவிடுவாள். இரண்டு வருஷ உழைப்பு. தலைவர் கையெழுத்துப் போட்டால் வெளியே போகும், போடாவிட்டால் பரணுக்குப் போகும்.

சோதனை நாள். திரையில் எண் ஆடாமல் அசையாமல் நின்றது. "எங்கே, பாப்போம்" என்று வந்தது விரல். வளையத்தில் பிசுக்கு ஒட்டியது; எண் தாறுமாறாகக் குதித்தது.

"பாத்தியாம்மா? உன் கருவி உளறுது."

"சார், நீங்க தொட்டதாலதான்..."

"நான் தொடலைன்னா இது உளறும்னு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

டார்ச் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

மறுவாரம் இன்னொரு சோதனை. இந்த முறை அவளுடைய சிப் மூடிக்குள் பத்திரமாக இருந்துகொண்டு திரைக்கு எண்ணை அனுப்பியது. மேஜையின் முன்பக்கம், பளபளவென்று வேறொரு சிப்.

"இது தொட்டுப் பாக்கறதுக்கு, சார்."

பிறந்ததிலிருந்து யாருமே அவரிடம் சொல்லாத வார்த்தை! முகம் மலர்ந்துவிட்டது. விரலை வைத்தார், கண்ணை மூடினார், ஒரு கண்ணை மட்டும் திறந்து திரையைப் பார்த்தார்.

"எழுபத்திரண்டு டிகிரி. கரெக்ட்!"

கையெழுத்தும் விழுந்தது. அந்த இரண்டாவது சிப்புக்கு மின்சாரமே கொடுக்கவில்லை என்பதை நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் எங்கள் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்து, 'ஈரம், தொடாதீர்கள்' என்று அட்டையும் மாட்டினோம். சாயங்காலம் பார்த்தால் கதவு முழுக்க விரல் தடம். தலைவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்?