பெட்டரி சேரும் கிழட்டு இலையும்

இந்த மலையில் தேயிலை பறித்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது. குடித்தவர்களைக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு தேயிலை இலைக்குள் நுழைந்து, அறை அறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுகமாக வெளியே வந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் பெட்டரி சேர்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில், ஒரு வளைவுக்கு மேலே எங்கள் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே கூட்டித் துடைப்பதும், கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுவதும், தேத்தண்ணி ஊற்றுவதும் என் வேலை. அதற்கு முன் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். சேருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சிட்டையோடு சரி.

ஊரே அடுப்பங்கரையில் கை காய்ச்சிக்கொண்டிருக்கும் குளிரில், தன் அறைக்கு ஏசி பூட்டிய மனிதர் அவர். அந்த அறைக்குள் கம்பளிச் சட்டை போடக்கூடாது, நூல் உதிரும். முகத்துக்குப் பவுடர் கூடாது. திருநீறும் கூடாது.

"சாமிய வெளியவே கும்பிட்டுட்டு வாங்க புஷ்பம்மா. உள்ள ஒரு துளி விழுந்தாலும் இவ காட்டிக் குடுத்துருவா" என்பார்.

'இவ' என்றது இயந்திரத்தை. இலத்திரன் நுணுக்குக்காட்டி என்று அதற்குப் பெயர். ஓர் ஆள் உயரம், சாம்பல் நிறம், ஓயாமல் ஒரு முனகல். காலையில் வந்ததும் அதற்குத்தான் முதல் வணக்கம். எனக்கு இரண்டாவது.

அது ஓடும்போது யாரும் நடக்கக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். ஒருமுறை கீழே பாதையில் கொழுந்து லொறி போனதில் படம் ஆடிவிட்டது. சேர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். அடுத்து வந்த லொறியைக் கையை விரித்து மறித்தார்.

"கொஞ்சம் எஞ்சின நிப்பாட்டுப்பா. மேல ஒரு இலையோட உயிர்க்கலத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"கொழுந்து வாடிப் போயிருங்க சேர்!" என்று டிரைவர் ராசு கத்தினான்.

"வாடட்டுமே. உங்க பெக்டரியில அத வாட்டத்தானப்பா போறாங்க?"

ராசு எஞ்சினை நிறுத்தினான். அன்று முதல் அந்த வளைவில் எந்த லொறியும் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

சேரின் ஆராய்ச்சி என்னவென்று கேட்டால், பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள். எனக்கு அவர் ஒரே நாளில் விளங்க வைத்தார். தேயிலைச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சுகிறதாம். வேறு பயிர் என்றால் அவ்வளவையும் தாங்காமல் வேர் கருகிவிடுமாம். தேயிலை மட்டும் அதை இலைக்கு ஏற்றி, இலை முத்த முத்தச் சேர்த்து வைத்துக்கொண்டு பச்சையாக நிற்கிறதாம். நாம் பறிக்கும் கொழுந்தில் கொஞ்சம்தான். கீழே நிற்கும் கிழட்டு இலையில்தான் நிறைய.

"அத எங்க ஒளிச்சு வச்சிருக்கு? கலத்துக்குள்ளயா, சுவர்லயா? அதப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்றார்.

"எப்பிடிங்க சேர் பாப்பீங்க?"

"காலையில பெரட்டுல நின்னிருக்கீங்கல்ல? பேர் கூப்பிட்டா அவங்கவங்க குரல் குடுப்பாங்கல்ல? அதேதான். இவ இலத்திரனால தட்டுவா. உள்ள இருக்கிறவன் எக்ஸ்ரேயால குரல் குடுப்பான். கல்சியத்துக்கு ஒரு குரல், பொட்டாசியத்துக்கு ஒரு குரல். அலுமினியம் இருந்தா அவன் குரல்லயே 'இருக்கேன்'னு சொல்லுவான்."

பத்து வருஷம் பெரட்டில் நின்றவளுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஓர் இலைக்குள்ளும் விடிந்ததும் பெரட்டு நடக்கிறது என்று நினைத்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது.

ஆனால் கிழட்டு இலை கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சேர் நேரே மலைக்கு ஏறி, கொழுந்து பறிக்கும் முத்தம்மாக்காவிடம் கேட்டார். அக்கா கை நிறையக் கொடுத்தார். அத்தனையும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

"இது வேணாம்மா. கீழ நிக்குதே, கரும்பச்சையா, அது."

"அதையா? ஐயோ, அதுல கை வச்சா வேலைய மேற்பாக்கிற கண்டாக்கு என்னய மலைய விட்டே எறக்கிருவாருங்க சேர். நான் வேணும்னா பறிக்கிறேன், இந்தக் கை பறிக்க மாட்டேங்குது பாருங்க."

உண்மையிலேயே அக்காவின் கை இலை வரைக்கும் போய்த் திரும்பியது. எங்கள் எல்லார் கையும் அப்படித்தான். கடைசியில் சேரே பறித்தார். ஒரு இலை பறிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து மலையே சிரித்தது.

"சாகப் போற இலைக்கு எதுக்குங்க சேர் படம்?" என்று கேட்டார் அக்கா.

"கொழுந்த உலகமே பாத்தாச்சும்மா. இதத்தான் யாரும் திரும்பிப் பாக்கல."

இலையை மெல்லிசாக நறுக்கி, புகை கக்கும் திரவ நைதரசனில் முக்கி எடுப்பார். உள்ளே இருப்பவர்கள் இடம் மாற நேரம் கொடுக்காமல், நின்ற நின்ற இடத்திலேயே உறைய வைக்க வேண்டுமாம். பிறகு காய வைத்து, சட்டைப் பொத்தான் அளவு வட்டத் தகட்டில் ஒட்டி உள்ளே அனுப்புவார். முதல் தடவையே அலுமினியத்தின் கோடு திரையில் கோபுரமாக எழும்பியது. சேர் எல்லாருக்கும் மீன் அடைத்த மாலு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். இயந்திரத்துக்குப் பொறுப்பாகக் கொழும்பிலிருக்கும் பேராசிரியைக்குப் போன் போட்டார்.

இந்தப் பேராசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். மலையில் ஒருவர் பார்ப்பதற்காக இத்தனை பெரிய இயந்திரமா, கொழும்புக்குக் கொண்டுபோனால் பலருக்கும் உதவுமே என்பது அவர் கட்சி. அலுமினியத்தைக் கண்டுபிடித்த செய்தியைக் கேட்டு, சரி, இயந்திரம் அங்கேயே இருக்கட்டும் என்றிருந்தார்.

பணிஸ் வாசம் கூடப் போகவில்லை. சேர் ஏதோ நினைத்துக்கொண்டு வெறும் பொத்தானை, இலையே இல்லாமல், உள்ளே அனுப்பினார். திரையில் அதே கோபுரம். கொஞ்சம் உயரமாகவே நின்றது.

அந்தப் பொத்தான் அலுமினியத்தால் செய்தது.

சேர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொய்ப் பெரட்டு புஷ்பம்மா. பேர் கூப்பிட்டது இலையில இருக்கிறவன. குரல் குடுத்தவன் கீழ நிக்கிறவனா இருக்கலாம்."

யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இயந்திரம் இங்கேயே இருந்திருக்கும். ஆனால் அவர் உடனே போனை எடுத்து, "மெடம், நான் சொன்னது பிழையா இருக்கலாம்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் கேட்டது.

"சரி, நாங்கள் வந்து பாக்கிறம். தெளிவாக் காட்டினீங்களெண்டால் மெஷின் உங்களிட்ட. இல்லையெண்டால் லொறியை அனுப்புவன்."

அலுமினியம் கலக்காத கரிப் பொத்தான் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். அன்று மாலை கரண்ட் போனது. சேர் டோர்ச்சை எடுத்து அமுக்கினார், எரியவில்லை. பெட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"புஷ்பம்மா, இதுக்கு நடுவுல என்ன இருக்கு?"

"கறுப்பா ஒரு குச்சிங்க சேர்."

"கரி! சுத்தக் கரி!"

அப்படித்தான் அவர் பெட்டரி சேர் ஆனார். ஹட்டன் கடைகளில் ஏறி இறங்கி, "செத்த பெட்டரி இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர்கள் நல்லதை நீட்டினால் கோபப்பட்டார். நான் எங்கள் லயத்தில், அறையோடு அறை ஒட்டிய அந்த வரிசை வீடுகளில், சொல்லி வைத்தேன். முத்தம்மாக்கா ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினார்.

"ஏன்டி புஷ்பம், அந்தாளு செத்ததுக்கெல்லாம் உயிர் குடுக்கப் போறாராமா? குடுத்தா எங்க ரேடியோவுக்கு ரெண்டு வாங்கியா."

பெட்டரியை அறுத்து, குச்சியை உருவி, வட்டமாகச் சீவி, கண்ணாடியில் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். முதல் பொத்தானை வெறுமனே உள்ளே அனுப்பினால் மங்கனீசும் துத்தநாகமும் குளோரினும் ஒரே கூச்சல். பெட்டரியின் அழுக்கு. மறுபடி அவித்தோம், கழுவினோம். மறுபடி கூச்சல். என் விரல்களில் கறுப்பு ஏறி இறங்கவே இல்லை.

"நீ லெபுக்குப் போறியா, கரி மூட்டம் போடப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சட்டையிலும் என் கை பட்டிருந்தது.

ஒரு நாள் கரியைத் தவிர வேறு யாரும் குரல் கொடுக்கவில்லை. திரை அமைதியாக இருந்தது. அத்தனை அழகான அமைதியை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பேராசிரியை வந்த நாளில் சேர் இயந்திரத்துக்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னார். நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். வளைவில் முத்தம்மாக்கா கூடையோடு நடுப்பாதையில் நின்றார். எதிரே ராசுவின் லொறி, எஞ்சின் நின்றிருந்தது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அறைக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. அலுமினியம் குரல் கொடுத்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று. எங்கோ தூரத்தில் இன்னும் ஒன்று. மழை தொடங்குவது போல் இருந்தது. புள்ளிகள் கூடக் கூட அவை கோடாயின, கோடுகள் சேர்ந்து சுவராயின. இலையின் தோலில் அடுத்தடுத்து ஒட்டிய சிறு சிறு அறைகள். அறைக்குள் இருட்டு. சுவர்கள் மட்டும் வெளிச்சமாய் நின்றன.

நான் பெரியவர்கள் முன்னால் பேசுகிறவள் இல்லை. அன்று என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சேர்... இது நம்ம லயமில்ல?"

சொல்லிவிட்டுக் கூச்சத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டேன். பேராசிரியை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ன வடிவு" என்றார், மெதுவாக. பிறகு நிமிர்ந்து, "இப்ப வெறும் பட்டனைக் காட்டுங்கோ" என்றார்.

சேர் இலையை விட்டு நகர்ந்து கரியைத் தட்டினார். அலுமினியம் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கோடு படுத்தே கிடந்தது.

"பெரட்டு சரிங்க மெடம்" என்றார் சேர். கொழும்பிலிருந்து லொறி வரவில்லை. இயந்திரம் இன்றும் அதே அறையில் முனகிக்கொண்டிருக்கிறது.

பறித்த காலத்தில் எத்தனை ஆயிரம் செடியைத் தொட்டிருப்பேன். அதற்குள் இப்படி ஓர் ஊர் இருக்கும் என்று தெரியாமலேயே தொட்டிருக்கிறேன். இப்போது மலைப்பக்கம் போனால் கிழட்டு இலையைத் தடவிவிட்டுத்தான் நகர்கிறேன்.

சேர் ஓய்வு பெற்று நோர்வூட்டில் இருக்கிறார். கரிப் பொத்தான்கள் இப்போது பெட்டியிலேயே வருகின்றன. போன வாரம் பஸ்ஸில் அவரைக் கண்டேன்.

"என்ன புஷ்பம்மா, இப்பவும் செத்த பெட்டரி சேக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

பஸ் நிறைய ஆட்கள். வெட்கத்தில் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். அது பொய்ப் பெரட்டு. மடியில் இருந்த பைக்குள் முத்தம்மாக்கா அன்று காலை கொடுத்த இரண்டு செத்த பெட்டரிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு, 'இருக்கோம்' என்று குரல் கொடுத்தபடியே வந்தன.