ஷட்டர் சாரும் தனி ஆவர்த்தனமும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அதிகமான பேரை ஒரே நேரத்தில் பூட்டி வைத்த ஆசாமி யார் என்று என்னைக் கேட்டால், எந்தப் போலீஸ்காரரையும் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் சங்கீத சபாவின் காரியதரிசி ஷட்டர் சாரைத்தான் சொல்வேன். போலீஸ்காரராவது என்ன குற்றம் என்று சொல்லிவிட்டுப் பூட்டுவார். நாங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாங்களாகவே உள்ளே போய் அகப்பட்டவர்கள்.

காரியதரிசி என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். போன மாதம் வரைக்கும்தான் காரியதரிசி. மாசி பிறந்ததும் இந்த வருஷ சீசன் ஆரம்பம். நோட்டீஸ் வந்துவிட்டது. பளபளவென்று நாலு கலரில் அடித்திருக்கிறார்கள். விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரின் மாமனார் படம்கூட அதில் இருக்கிறது. ஷட்டர் சார் பெயரை மட்டும் காணோம். பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கதவு இந்த வருஷம் திறந்தே கிடக்கும். அதனால் சீசன் கடைசி நாளன்று, ஒரு பாவமும் அறியாத மிருதங்க வித்வான் ஒருவர் மேடையில் மனசு உடைந்து உட்காரப் போகிறார். அதைப் பற்றி எங்கள் ஊரில் கவலைப்படுகிற ஒரே ஆள், நீக்கப்பட்ட ஷட்டர் சார்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற ஷட்டர்களையெல்லாம் அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஒரு தரம், தண்ணீர் விடுகிற முறை முடிந்ததும் ஒரு வாய்க்கால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார். மேலூர் மிராசுதார் ஒருவர் கடப்பாரையும் ஆட்களுமாக வந்து நின்றார். நம்மவர் குடையை விரித்துக்கொண்டு ஷட்டரின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். காலை டிபனும் அங்கேதான், மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். சாயங்காலம் மிராசுதாருக்கே அலுத்துப்போய், "யோவ், இறங்கி வாய்யா, மழை வரும்போல இருக்கு" என்று கெஞ்சிவிட்டுப் போனாராம். அன்றைக்கு வைத்த பெயர்தான் ஷட்டர்.

அப்படிப்பட்ட மனிதரை சபாவுக்குக் காரியதரிசியாகப் போட்டது யார் தெரியுமா? நாங்கள்தான். காரியதரிசி வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது. வித்வானுக்கு வெந்நீர் சூடாக இல்லை என்றாலும், தம்பூரா சுருதி சேரவில்லை என்றாலும் திட்டு அவருக்குத்தான். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவரை நாங்களே போய்க் கூப்பிட்டோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

அவருக்குச் சங்கீதம் தெரியாது. தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. "என்ன ராகம் சார்?" என்று கேட்டால், "நல்ல ராகம்ங்க" என்பார். எல்லா ராகமும் நல்ல ராகம். எல்லாக் கச்சேரிக்கும் கடைசி வரை உட்காருவார். அது கடமை.

முதல் கச்சேரி அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாடகர் பெரிய கீர்த்தனையைப் பாடி முடித்து, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். தனி ஆவர்த்தனம். அதாவது, அதுவரைக்கும் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருந்தவர் தனியாக வாசிக்கிற கட்டம். அவர் மிருதங்கத்தில் கையை வைத்ததும் எங்கள் ஊரில் வழக்கமாக நடக்கிறது நடந்தது. மண்டபம் முழுக்க எழுந்தது. செருப்பு தேடுகிற சத்தம். ஷட்டர் சார் பதறிப்போனார்.

"என்னங்க, என்ன ஆச்சு? எங்க போறாங்க எல்லாரும்?"

"தனி ஆரம்பிச்சிடுச்சு சார். காபி சாப்பிடப் போறாங்க."

"அவரு வாசிக்கிறாருங்களே!"

"ஆமா சார்."

"இல்லங்க, அவரு இப்பத்தான் வாசிக்கவே ஆரம்பிச்சிருக்காரு!"

"அதான் சார் சொல்றேன். பாட ஆரம்பிச்சுட்டா எழுந்திருக்க முடியாது பாருங்க."

இதற்கு மேல் அவருக்கு எப்படி விளக்குவது? நானும் எழுந்து போனேன். கேன்டீனில் அன்றைக்கு அசோகா அல்வா. சூடாகப் போட்டுக்கொண்டிருந்தான் மனுஷன். திரும்பி வந்து பார்த்தால் காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஷட்டர் சார் மட்டும் உட்கார்ந்திருக்கிறார், இழவு வீட்டில் உட்கார்ந்தாற்போல. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவரும் சாயங்காலத்துலேர்ந்து அங்கதானங்க உட்கார்ந்திருக்காரு? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டியா?"

மறுநாள் தனி ஆரம்பித்தது. நாங்கள் எழுந்தோம். கதவு பூட்டியிருந்தது.

இதென்ன அக்கிரமம் என்று கேட்காதவர் இல்லை. கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், நான் சுகர் பேஷண்ட்" என்றார் ஒருவர். "மாத்திரையைக் காட்டுங்க" என்றார் இவர். காட்டியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பாத்ரூம் போகவேண்டும் என்ற பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், வாசலிலேயே காவல் நின்று, "முடிஞ்சுதுங்களா? உள்ள அவரு வாசிச்சிட்டிருக்காரு" என்று குரல் கொடுத்து, கேன்டீன் பக்கம் ஒதுங்க விடாமல் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்தப் பெரியவர் அதற்கப்புறம் கச்சேரி நாட்களில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? இருபது வருஷமாகத் தனியில் காபி குடித்து வளர்ந்த உடம்பு இது. இதே பத்திரிகையில் அவரைத் திட்டிக் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "நல்லா எழுதியிருந்தீங்க" என்றார். ராகத்தைச் சொல்வது மாதிரியே சொன்னார்.

எதிர்ப்பு பலமானதும் சமரசம் பேச வந்தார். முறை வைத்து விடுகிறேன் என்றார். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பதில்லையா, அது மாதிரி. இன்றைக்கு ஒற்றைப்படை வரிசைக்காரர்கள் காபிக்குப் போகலாம், நாளைக்கு இரட்டைப்படை வரிசை. நியாயமாகத்தானே இருக்கிறது? மறுநாள் இரட்டைப்படை வரிசைகள் நிரம்பி வழிந்தன, மடியில் உட்காராத குறை. ஒற்றைப்படை வரிசைகளில் ஒரு ஈ காக்கை இல்லை. வித்வான் மேடையிலிருந்து, ஏதோ சாதிச்சண்டையோ என்று பயந்துபோய்ப் பார்த்தார். ஷட்டர் சார் கோபத்தில் சிவந்து போய், "டெல்டாக்காரன் புத்தி! முறைன்னா அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிக்காம விடமாட்டீங்களே!" என்று கத்திவிட்டு முறையை ரத்து செய்தார்.

அடுத்து கேன்டீன்காரர் களத்தில் இறங்கினார். வியாபாரம் படுத்துவிட்டதே, பாவம். தனி நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாக ரயிலில் விற்பது மாதிரி, "காபி, காபி" என்று கிசுகிசுத்தார். நாலைந்து டம்ளர் உள்ளே வந்துவிட்டது. மேடையில் கடம் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு கையால் வாசித்தபடியே மறு கையால், எனக்கும் ஒன்று என்று ஜாடை காட்டினார். ஷட்டர் சார் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். மாசி மாதத்துப் புழுக்கத்தில் ஜன்னலும் இல்லாமல், காபியும் இல்லாமல் நாங்கள் வெந்தோம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வருஷ சீசனின் கடைசி நாள் வந்தது.

அன்று வாசித்த மிருதங்க வித்வான் திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரர். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். தனி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வழக்கப்படி கதவைப் பார்த்தோம், பூட்டைப் பார்த்தோம், பெருமூச்சு விட்டுத் திரும்ப உட்கார்ந்தோம். மனுஷன் வாசித்தார் பாருங்கள்! வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்து ஆள் தொடையில் தாளம் போடுகிறார். அவர் பக்கத்து ஆளும் போடுகிறார். கடைசியில் முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைத்து முடித்தபோது மண்டபமே கை தட்டியது. நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

அவர் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "நான் சின்ன வயசுலேர்ந்து வாசிக்கிறேங்க. கண்ணை மூடிட்டு வாசிச்சுட்டு, திறந்தா காலி நாற்காலியாத்தான் இருக்கும். அதுக்குப் பயந்துதான் மூடிக்கறதே. இன்னிக்கு ஒருத்தர்கூட எழுந்திருக்கல. இப்படி ஒரு ரசிகருங்களை நான் பார்த்ததில்லைங்க. அடுத்த வருஷம் கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் தரவேணாம், வர்றேன்." கையெடுத்துக் கும்பிட்டார்.

அவருக்கு மேடையிலிருந்து பூட்டு தெரியவில்லை. யாராவது சொன்னோமா? மூச்! எல்லோரும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டோம், ஏதோ நாங்களே பரம்பரை ரசிகர்கள் மாதிரி. வாசலில் ஷட்டர் சார் சாவியோடு நின்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, இதற்கப்புறமாவது எங்களுக்குப் புத்தி வந்ததா என்றால், அதுதான் இல்லை. போன மாதம் கமிட்டிக் கூட்டம். கேன்டீன்காரர் கறாராகச் சொல்லிவிட்டார், கதவு பூட்டினால் இந்த வருஷம் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று. கேன்டீன் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சபா தலைவர் ரைஸ்மில் வைத்திருப்பவர். எதையும் தவிட்டோடு சேர்த்து ஊதித் தள்ளிவிடுவார். "எதுக்குங்க வம்பு?" என்றார் அவர். "தனி ஆவர்த்தனமே வேணாம். அந்த நேரத்துக்கு இடைவேளைன்னு போட்டுடுவோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

ஷட்டர் சார் எழுந்தார்.

"எனக்குப் பாட்டு தெரியாதுங்க, ஒத்துக்கறேன். நான் நாகப்பட்டினத்துப் பக்கம் கடைமடைக்காரன். ஆத்துல தண்ணி விட்டா தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழியும். எங்க ஊருக்கு வர்றதுக்குள்ள முறை முடிஞ்சு போயிடும். எங்கப்பா வரப்புல நின்னுக்கிட்டே இருப்பாரு. கச்சேரியில பாட்டுக்காரரு தலைமடை, மிருதங்கக்காரரு கடைமடை. அவருக்குன்னு விடறது கொஞ்ச நேரம். அதையும் அடைச்சுட்டு அந்த நேரத்துல பஜ்ஜி தின்னணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

யாருக்கும் வெட்கமாக இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷட்டர் சார் இடுப்பிலிருந்து சாவியை உருவி மேஜை மேல் வைத்தார்.

"சரி. கதவைத் திறந்தே வச்சுக்கங்க. என்னையும் எடுத்துடுங்க. ஆனா தனிய மட்டும் வெட்டாதீங்க. அதுக்குச் சம்மதம்னா நான் இப்பவே போயிடறேன்."

சம்மதம் என்று சொல்ல இவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. இருங்க சார், யோசிப்போம் என்று ஒரு வாய் வார்த்தை? கிடையாது. நான் ஒருவன்தான் எழுந்து, "இது அநியாயம்" என்று சத்தம் போட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "நீங்களே பத்திரிகையில அவரைத் திட்டி எழுதினவர்தானே?" என்றார்.

"நான் திட்டுவேன்யா! அதுக்காக நீங்க எடுத்துடுவீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோட்டீஸ் வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லலாம் என்று போனால், மனிதர் தன்னை நீக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டீஸில் கடைசி நாள் நிகழ்ச்சியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அதே மிருதங்க வித்வான்.

"பாருங்க, வர்றாருங்க. சொன்ன மாதிரியே ஒண்ணும் வேணாம்னுட்டாராம். நம்ம ஊர் ரசிகருங்கன்னு நம்பி வர்றாரு. கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பாரு. திறந்து பார்த்தாருன்னா?"

நோட்டீஸை மடித்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"நான் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரி இருக்கேன்னு சொல்லியிருக்கா. ரெண்டு பேர் போதாதுங்களே. அவ்வளவு பெரிய மண்டபம்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க இருப்பீங்களா?"

"கட்டாயம் இருப்பேன் சார்."

"கேன்டீன்ல அன்னிக்கு அசோகாவாம்."

"இருக்கட்டும் சார்."

அவர் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பூட்டு இல்லாமல் என்னை நம்புவதற்கு அவருக்கு இதுவரை நான் ஒரு காரணமும் கொடுத்ததில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, "வேலை இருந்தா பரவால்லீங்க" என்றார், எனக்குக் கஷ்டம் வேண்டாமே என்று.

ஷட்டர் சார், இந்தப் பத்திரிகையை நீங்கள் விடாமல் படிப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் ஊரறிய இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள். அது எனக்கு.